கைத்துண்டு நெய்யக் கற்பிப்போம்



நம் தமிழ்ப்பள்ளிகளில் காட்சிக்கலைக் கல்விப் பாடத்தில் மரபுக் கைவினை என்னும் பகுதி உண்டு. நெசவும் அதில் அடங்கும். அப்பகுதி பெரும்பாலான வகுப்பறைகளில் எப்படி நடந்தேறுகிறது என்பதை நாம் அறிவோம். வண்ணத்தாள் ஒன்றைக் கீறுவோம். மற்றொன்றைப் பட்டை பட்டையாக வெட்டுவோம். மேலும் கீழுமாகச் செருகச் சொல்வோம். பின்னர்ச் சுவரில் ஒட்டுவோம். இரண்டு வாரத்தில் அது குப்பைக் கூடைக்குப் போய்விடும். சொங்கெட், புவா கும்பு ஆகியவற்றின் படங்களையும் காட்டியிருப்போம். சொங்கெட் 2021இல் யுனெசுகோ பட்டியலில் இடம்பெற்றது என்று மாணவர் மனனம் செய்து ஒப்பிப்பர். ஆனால், ஒரு முழம் துணி எப்படி உண்டாகிறது என்று கேட்டால் விழிப்பர்.

தாளில் செய்வது பின்னல். அது நெசவு ஆகாது. நெசவு என்றால் பாவு நூல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் ஊடே ஊடை நூல் ஓட வேண்டும். இழை தளர்ந்தால் துணி தளரும். இழுத்துப் பிடித்தால் ஓரம் உள்வாங்கும். கையும் கண்ணும் சேர்ந்து அறியவேண்டிய இச்செய்தியை வண்ணத்தாள் ஒருநாளும் சொல்லித் தராது.

ஆகவே என் கருத்தை நேரே கூறிவிடுகிறேன். நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் பருத்தி நூலால் ஒரு சமையலறைத் துண்டை நெய்து முடிக்க வேண்டும். சட்டியை இறக்கவும் கையைத் துடைக்கவும் அஃது அவர்தம் வீட்டில் பயன்பட வேண்டும்.

இதனை ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தாயார் எழுந்து, "எங்க கைப்பாடு எங்களோட போகட்டும் டீச்சர், பிள்ளை படிக்கட்டும்" என்றார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர் அவர். அவர் சொல்லில் இருந்த வலியை நான் மதிக்கிறேன். கெடாவில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று எந்தப் பக்கம் போனாலும், பால்வெட்டியும் களையெடுத்தும் தேய்ந்த கைகள்தாம் நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. கைத்தொழில் என்றாலே கூலிவேலை என்னும் அச்சம் அவர்களிடம் வேரூன்றியதில் வியப்பில்லை. ஆயினும், அந்த அச்சத்தைப் பிள்ளைகளுக்கும் சொத்தாக விட்டுச் செல்லலாமா? கையால் ஒன்றைச் செய்யத் தெரியாத பிள்ளைதான் படித்த பிள்ளை என்று யார் சொன்னது? 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பையும் நெசவையும் தொழிலாளர் மகனுக்கென்று ஒதுக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்கையும் அறிவியலையும் கைத்தொழிலின் வழியாகவே கற்பிக்கலாம் என்பதே அதன் அடிப்படை. அத்திட்டம் இந்தியாவில் நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு செய்தி. அதன் கருத்தில் பழுதில்லை.

நம் முன்னோர் பலர் சேலம், திருச்சி, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தறியோசை கேட்ட ஊர்கள் அங்கே பல. ஆனால் இங்கே லயத்து வீட்டில் குழித்தறி தோண்ட யாருக்கு இடமிருந்தது? என் பாட்டிக்குத் தெரிந்த துண்டெல்லாம் இரண்டே. ஒன்று, சீனர் கடையில் வாங்கும், சிவப்பெழுத்தில் 'குட் மார்னிங்' என்று அச்சிட்ட வெள்ளைத் துண்டு. மற்றொன்று, கோதுமை மாவுப் பையைப் பிரித்து வெளுத்துத் தைத்தது. (அந்த மாவுப்பைத் துண்டு நீரை உறிஞ்சியதுபோல் இன்றைய பேரங்காடித் துண்டு உறிஞ்சுவதில்லை.)

ஆனால் அதற்கும் முன்பு ஒரு வரலாறு இருக்கிறது. கெடாவில் மலாய் அன்பர்கள் நாள்தோறும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குப் 'பெலிக்காட்' என்று பெயர். அப்பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளை வாங்கித் தென்கிழக்காசியத் தீவுகளில் கொடுத்து நறுமணப் பொருள்களைப் பெற்றனர். தமிழ்க் கரையில் ஏதோ ஒரு தறியில் பிறந்த துணி, தன் துறைமுகத்தின் பெயரை மலாய்மொழியில் விட்டுச் சென்றிருக்கிறது. இதனை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்தில் சொல்கிறோம்? 'துவாலை'யும் அப்படியே. தமிழும் மலாயும் அச்சொல்லைப் போர்த்துக்கீசியரிடமிருந்தே பெற்றன. பக்கத்து வீட்டு மலாய்த் தோழனிடம் சொல்லி மகிழ ஒரு பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மொழியாசிரியர் என்ற முறையில் எனக்கு வேறொரு கவலையும் உண்டு. 'ஊடும் பாவுமாக' என்று மாணவர் கட்டுரையில் எழுதுகின்றனர். ஊடு எது, பாவு எது என்று அவர்கள் கண்டதில்லை. நூல் என்றால் புத்தகமும் ஆகும், இழையும் ஆகும். நன்னூல் தன் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும் புலவரை நூற்கும் பெண்ணாகவும் அறிவைக் கதிராகவும் உருவகம் செய்கிறது. கதிரையே பார்க்காத பிள்ளைக்கு இவ்வுருவகத்தை எப்படி விளக்குவது? கம்பன் வீட்டுக் கட்டுத்தறி என்பதை நெசவுத்தறி என்றே எண்ணியிருந்த ஆறாம் ஆண்டு மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அது மாடு கட்டும் முளை என்று விளக்கியபோது அவர்களுக்கு ஏமாற்றம்தான்! பாவு, ஊடை, தார், நாடா, விழுது, அச்சு ஆகிய சொற்கள் நம் தலைமுறையோடு அகராதிக்குள் அடங்கிவிடும் நிலையில் உள்ளன. ஒரே ஒரு துண்டை நெய்தால் அவற்றுள் சிலவாவது பிள்ளையின் வாயில் வாழும்.

இனி, செய்முறைக்கு வருகிறேன். மரச்சட்டம் ஒன்று போதும். உள்ளளவு 30 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளம். மேலும் கீழும் அரை சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். மரவேலை தெரிந்த தந்தையர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர், கேட்டால் மறுக்கமாட்டார்கள். நூல் தடித்த பருத்தி நூலாக இருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூலை வாங்கிவிடாதீர்கள். அது நீரை உறிஞ்சாது. சூடான சட்டியைப் பிடித்தால் உருகிக் கையைச் சுடும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டா.

நூல் கட்டும் முன்பே கணக்கு தொடங்கிவிடும். சென்டிமீட்டருக்கு இரண்டு இழை என்றால் 30 சென்டிமீட்டருக்கு அறுபது இழை. ஒவ்வோர் இழையும் 40 சென்டிமீட்டர் என்றால் பாவுக்கு மட்டும் 24 மீட்டர். முப்பது மாணவருக்கு 720 மீட்டர். இதனைக் கரும்பலகையில் போடாமல் மாணவரையே கணக்கிட்டு நூல் வாங்கச் சொல்லுங்கள். தவறாகக் கணக்கிட்டால் நூல் போதாது. பயிற்சிநூலின் விடைப்பகுதியைப் புரட்டவேண்டிய தேவையே இல்லை. நெய்து முடித்ததும் துண்டை அளந்து, துவைத்து, காயவைத்து, மறுபடி அளக்க வேண்டும். பருத்தித் துணி முதல் சலவையில் பத்து விழுக்காடு வரை சுருங்குவது இயல்பு. 30 சென்டிமீட்டர் 27 ஆனால் எத்தனை விழுக்காடு? துவைக்கும் முன்னும் பின்னும் ஒவ்வொரு சொட்டு நீரை விட்டுப் பார்த்தால் அறிவியல் பாடமும் ஆயிற்று. பருத்தி இழையில் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் புதுத்துணி நீரை எளிதில் ஏற்காது. துவைக்கத் துவைக்கத்தான் நன்கு உறிஞ்சும்.

நேரமில்லை என்று ஆசிரிய நண்பர்கள் கூறலாம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரையில் அச்சொல்லில் பொருள் இருந்தது. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. வகுப்பறை மதிப்பீடுதான் இப்போது நம் கையில் இருக்கிறது. இருந்தும் பயிற்சித்தாள்களின் கட்டு மட்டும் குறைந்தபாடில்லை. அறுபது பேர்கூட இல்லாத தோட்டப்பள்ளிகளில் சட்டங்களின் எண்ணிக்கையும் சிக்கலாகாது. பெரிய பள்ளிகளில் இருவருக்கு ஒரு சட்டம் வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் துண்டை நீங்கள் நெய்து கொடுத்துவிடாதீர்கள். கைவினை வேலைகள் பல, இரவு பத்து மணிக்குத் தாயாரின் கைவண்ணத்தில்தான் முடிகின்றன என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். முதல் துண்டு நடுவில் இடுப்புச் சிறுத்து, ஓரம் வளைந்துதான் வரும். ஊடையை நேராக இழுக்காமல் சற்றே வில்போல் வளைத்து விட்டு, பிறகு சீப்பால் தட்டினால் அக்குறை மெல்ல மெல்ல நீங்கும். வளைந்த துண்டாலும் சட்டியை இறக்கலாம்.