காலடியில் கிடப்பவரை யார் எண்ணுவது?

ஒரு திரைப்படத்தின் தரத்தை அதில் வரும் சண்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் வழக்கம் நம் பையன்களிடம் மட்டும் உள்ளதல்ல. உலகெங்கும் உண்டு. படித்தவர்களிடமும் உண்டு. 1999 மார்ச்சில் வெளியான 'கமேரா 3' என்ற ஜப்பானியத் திரைப்படத்தைப் பற்றி இரசிகர்கள் இன்றுவரை சொல்லிவரும் அபிப்பிராயங்கள் இதற்கு நல்ல சான்று.

அப்படத்தின் மீதான குறைகளை மூன்றாகச் சுருக்கலாம். இராட்சத விலங்குகள் திரையில் தோன்றும் நேரம் போதாது என்பது முதலாவது. ஒரு சிறுமியின் துயரத்தைத் தேவைக்கு மேல் நீட்டிவிட்டார்கள் என்பது இரண்டாவது. கதை முடியாமலே படம் முடிந்துவிடுகிறது என்பது மூன்றாவது. மூன்றுமே ஒரே தவறான எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தவை என்பது எனது கருத்து.

படத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சில விபரங்கள். கமேரா என்பது பறக்கும் இராட்சத ஆமை. 1965 முதல் 1971 வரை ஆண்டுக்கொன்றாக ஏழு படங்களில் வந்து 'சிறுவர்களின் நண்பன்' என்று பெயர் எடுத்தது. 1995 இல் இயக்குநர் ஷுசுகே கனெகோ அதனைப் புதிதாக உருவாக்கினார். கியாவோஸ் என்னும் மனிதரைத் தின்னும் பறவைகளிடமிருந்து கமேரா மக்களைக் காப்பது முதற்படம். வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த லீஜன் என்ற கூட்டத்தோடு மோதுவது 1996 இல் வந்த இரண்டாவது. இரண்டிலும் வெற்றி கமேராவுக்கே. இரசிகர்கள் கைதட்டிக்கொண்டு வீடு போனார்கள்.

மூன்றாவது படம் அந்தக் கைதட்டலை இடைமறிக்கிறது. முதற்படத்தில் நாம் இரசித்த டோக்கியோ சண்டையின்போது கமேராவினால் நொறுங்கிய குடியிருப்பொன்றில் தாயும் தந்தையும் இறந்துபோன ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் அயானா. தம்பியோடு நாராப் பகுதிக் கிராமமொன்றில் உறவினர் வீட்டில் வளர்கிறாள். பாடசாலையில் அவளைச் சீண்டுவோரும் உண்டு. உலகம் காவலன் என்று கொண்டாடும் ஒன்றை அவள் வெறுக்கிறாள். குகையொன்றில் அவள் கண்டெடுக்கும் சிறிய பிராணிக்கு, இறந்துபோன தன் பூனையின் பெயரான இரிஸ் என்பதையே சூட்டி வளர்க்கிறாள். கமேராவைப் பழிவாங்க அது வளர வேண்டும் என்பது அவளது ஆசை. வளர்ந்த அது முதலில் கொல்வது அந்தக் கிராமத்தவர்களைத்தான்.

இதை 'நீட்டல்' என்று ஒருவர் சொல்வாராயின் அவர் எதைக் குறுக்கச் சொல்கிறார்? பெற்றோரின் மரணத்தையா, அந்நியர் வீட்டுச் சோற்றையா, புதிய வகுப்பறையில் தனித்திருக்கும் பிள்ளையின் மௌனத்தையா? ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இத்தகைய பிள்ளையை உடனே அடையாளங் காண்பார்கள். அப்பிள்ளையின் கோபம் ஒரு பாடவேளைக்குள் தீர்ந்துவிடுவதில்லை. படத்தில் அது ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறதென்றால் அதுவே குறைவு.

'இது இராட்சத விலங்குப் படம், இதில் மனிதக் கதை எதற்கு?' என்று கேட்பவர்கள் இவ்வகைப் படங்களின் பிறப்பை மறந்துவிட்டார்கள். 1954 மார்ச் 1 ஆம் திகதி பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர் மீதும் படிந்தது. அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு செப்டெம்பரில் இறந்தார். நவம்பரில் இஷிரோ ஹொண்டாவின் முதலாவது 'கொட்ஸில்லா' திரைக்கு வந்தது. அதில் கதிர்வீச்சு அளக்கப்படும் குழந்தையையும், எரியும் வீதியில் பிள்ளைகளை அணைத்தபடி மரணத்துக்குக் காத்திருக்கும் தாயையும் பார்த்தவர், மனிதத் துயரம் இவ்வகைப் படங்களுக்கு அந்நியம் என்று சொல்லத் துணியமாட்டார். அந்நியமானது மல்யுத்தந்தான். ஆறு மாதம் முடியுமுன்னே, 1955 ஏப்ரலில், அவசரமாக எடுக்கப்பட்ட தொடர்ச்சிப் படத்தில் ஒசாகா நகரில் இரண்டு விலங்குகளை மோதவிட்டார்கள். அன்றிலிருந்து இரசிகனின் கண் மேலே, விலங்கின் தலையில் நிலைத்துவிட்டது. காலடியைப் பார்க்க அவன் மறந்தான்.

கனெகோவும் திரைக்கதையில் இணைந்த கஸுனோரி இட்டோவும், காட்சித் தந்திரங்களைப் பொறுப்பேற்ற ஷின்ஜி ஹிகுச்சியும் அந்தக் கண்ணைக் கீழே இழுத்தார்கள். ஷிபுயாக் காட்சியைப் பாருங்கள். சனநெரிசல் மிக்க இரவு. கமேரா இரண்டு கியாவோஸ்களை வீழ்த்துகிறது. அது உமிழும் தீக்கோளங்களே மனிதர்களை ஆகாயத்தில் தூக்கியெறிகின்றன. இறப்பவர்கள் ஆயிரக்கணக்கில். காவலன் தன் கடமையைத்தான் செய்தான், நகரம் ஏன் பிணக்காடானது? யுத்தங் கண்ட எந்த நாட்டவருக்கும் இக்கேள்விக்கு உரை எழுத வேண்டியதில்லை. எனினும் இதே காட்சியைத்தான் பலர் 'படத்தின் சிறந்த சண்டை' என்று மட்டும் பாராட்டிவிட்டு, மிகுதி சலிப்பு என்கிறார்கள். இறந்தவர்களைக் காட்டியதைப் பாராட்டிவிட்டு, இறந்தவர்களின் பிள்ளையைக் காட்டியதைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு முரண்பாடும் உண்டு. 2023 இல் தகாஷி யமசாகியின் 'கொட்ஸில்லா மைனஸ் ஒன்' வெளியாகி, அடுத்த ஆண்டு காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது. யுத்தத்தில் தப்பிப் பிழைத்த விமானியொருவனின் குற்றவுணர்வை அப்படம் நிதானமாகச் சொன்னது. 'மனிதர்களுக்காக அழவைத்த படம்' என்று உலகமே புகழ்ந்தது. நியாயமான புகழ்ச்சி. ஆனால் வளர்ந்த ஆணின் துயரம் ஆழம் எனவும், பதின்ம வயதுச் சிறுமியின் துயரம் இழுவை எனவும் தோன்றினால், கோளாறு படத்தில் இல்லை.

குறையே இல்லாத படம் என்று நான் வாதிடவில்லை. அரச ஆலோசகியாக வரும் அசாகுராவும் அவளோடு திரியும் கணினி விளையாட்டுத் தயாரிப்பாளனும் பூமியின் சக்தி பற்றிப் பேசும் காட்சிகள் குழப்பமானவை. அவற்றை வெட்டியிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இக்குறையைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கூட்டத்தின் கோபம் அங்கே போகவில்லை, அயானா மீதே போகிறது.

முடிவைப் பற்றியும் ஒரு சொல். கியோட்டோ ரயில் நிலையத்தினுள் கமேரா, தன்னை வெறுத்த அந்தப் பிள்ளையை இரிஸின் உடலிலிருந்து மீட்கிறது. சுவரோடு குத்தி நிறுத்தப்பட்ட தன் வலக் கையைத் தானே தகர்த்துக்கொண்டு விடுபட்டு, இரிஸை அழிக்கிறது. பின்னர் ஒற்றைக் கையோடு, எரியும் நகரத்தின் ஊடே, திரண்டு வரும் கியாவோஸ்களை நோக்கி நடக்கிறது. படம் முடிகிறது. 'யார் வென்றார்?' என்று கேட்கிறார்கள். இறந்த தாயும் தந்தையும் அடுத்த சண்டையின் வெற்றியால் எழுந்து வரப்போவதில்லை. கொன்றவனே காப்பாற்றினான் என்ற உண்மையோடு அப்பிள்ளை இனி வாழவேண்டும். அதற்கு வெற்றி அறிவிப்பு எதுவும் முடிவாகாது.

தொடர்ச்சிப் படம் என்றால் பழைய விலங்கைப் புதிய எதிரியோடு மோதவிடுவது என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் இடிந்த நகரம் அடுத்த படத்தில் கேள்வியின்றி நிமிர்ந்து நிற்கும். இறந்தவர்களைப் பற்றிய கணக்கு எவரிடமும் இராது. கணக்கை அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவது தொடர்ச்சியாகுமா? முந்திய படத்தின் இடிபாட்டுக்குள் இறங்கி, அங்கே விடுபட்ட ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த படமே உண்மையான தொடர்ச்சி. அதனைப் பார்த்துவிட்டுச் சண்டை போதவில்லை என்று சொல்லும் இரசிகன், எத்தனை பேர் செத்தால் தனக்குப் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.