விடுமுறை யாருக்கு?

பண்டிகைக்காக விடுமுறை பிறந்தது. இன்றோ விடுமுறை நிலைத்துவிட்டது, பண்டிகைதான் மறைந்துகொண்டிருக்கிறது. சான்று வேண்டுமெனில் பெரிய வெள்ளியன்று வத்தலக்குண்டிலிருந்து மேலேறும் மலைப்பாதையைப் பாருங்கள். வெள்ளியோடு சனியும் ஞாயிறும் சேர்ந்துகொள்ள, ஆண்டவர் பாடுபட்ட நாள் கோடைக்கானலில் உல்லாசப் பயணத்தின் முதல் நாளாகிவிடுகிறது.

மலையடியில் பழனி. தைப்பூசத்துக்கு அரசு பொது விடுமுறை அளித்தது 2021இல்தான். அதற்குப் பல தலைமுறைகள் முன்பே மக்கள் நோன்பிருந்து, காவடி சுமந்து, கால்நடையாகவே அங்கு வந்தனர். அவர்களுக்கு விழா இருந்தது, விடுமுறை இல்லை. நமக்கு விடுமுறை இருக்கிறது, விழா எங்கே?

"சுற்றுலாவால்தானே மலைமக்கள் பிழைக்கிறார்கள்?" என்பர் சிலர். நாம் மறுக்கவில்லை. ஆயினும் நாம் தங்கும் அறையைப் பெருக்குபவரும், ஏரிக்கரையில் குதிரையைப் பிடித்து நடப்பவரும், நள்ளிரவுவரை எச்சில் தட்டுக் கழுவுபவரும் யார்? அவர்களுள் நம் விசுவாசத்தினரும் உண்டு. ஆலயத்தில் திருச்சிலுவையை முத்தி செய்ய மக்கள் வரிசையில் நிற்கும் வேளையில், அவர்கள் நமக்குத் தேநீர் ஏந்தி நிற்கிறார்கள்.

ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் அருளப்பட்டதன்று. வேலைக்காரனும் வேலைக்காரியும் அந்நியனும், காளையும் கழுதையுங்கூட இளைப்பாற வேண்டுமென்கிறது மறைநூல். 1998இல் ஆண்டவரின் நாளைப் பற்றி எழுதிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும், வார இறுதிப் பொழுதுபோக்கு வேறு, இறைவனுக்குரிய நாள் வேறு என்று உணர்த்தினார்.

நாட்டுச் சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. தமிழகத்தின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் நான்கு தேசிய நாள்களையும் ஐந்து பண்டிகை நாள்களையும் தொழிலாளருக்கு உரிமையாக்குகிறது. அந்நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுப்பு. அறை வாடகையைப் பேரம் பேசும் நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறோம்?

உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என வரம்பும் வந்தது. வாகனங்களை எண்ணக் கற்றோம். உழைப்போரை எண்ணக் கற்றோமில்லை.

ஓய்வு விலைக்கு வாங்கும் பண்டமன்று. சோலையோரம் மௌனமாய் நடக்கலாம், பறவைகளை நோக்கலாம், பன்னிரண்டு ஆண்டுகள் காத்துப் பூக்கும் குறிஞ்சியிடம் பொறுமை கற்கலாம். இவற்றுக்கு ஏவலாள் தேவையில்லை. பெரிய வெள்ளியன்று நம் பங்கு ஆலயத்தில் இருப்போம். மலை மறுவாரமும் அங்கேயே இருக்கும். பிறர் ஓய்வைப் பறித்துப் பெறும் ஓய்வு, ஓய்வாகுமா?