மிச்சமாச்சுன்னு நான் சொன்ன 12,700 ரூபாய்: ஒரு கணக்குத் திருத்தம்

போன மாசம் நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டேன். அப்பாவோட கார்ல துருப்பிடிச்ச ஹப்பையும் பிரேக் டிஸ்க்கையும் வீட்டு வாசல்ல வச்சே சுத்தம் பண்ணி பெயிண்ட் அடிச்ச வீடியோ. தம்ப்நெயில்ல பெருசா "12,700 ரூபாய் மிச்சம்"னு எழுதியிருந்தேன். நிறைய பேர் பார்த்தீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா அந்தக் கணக்கு தப்பு. ஒரு சிஏ தன் கணக்கைத் தானே திருத்துறது கொஞ்சம் கூச்சமான விஷயம்தான், இருந்தாலும் திருத்தியே ஆகணும். ஏன்னா எட்டயபுரம் பக்கத்துல இருந்து ஒரு நண்பர் போட்டோ அனுப்பினார். டிஸ்க் முழுக்க, பேட் உரசுற முகம் உள்பட, சில்வர் கலர்ல பளபளன்னு பெயிண்ட். "சார், உங்க வீடியோ பார்த்து நானும் பண்ணிட்டேன்"னு மெசேஜ். எனக்கு சாப்பாடு இறங்கலை.

உடனே போன் பண்ணேன். நல்லவேளை, தெருவுக்குள்ளயே மெதுவா ஓட்டிப் பார்த்திருக்கார். பிரேக் மிதிச்சா வழுக்குற மாதிரி இருந்துச்சாம், கருகல் வாசனையும் வந்திருக்கு. வண்டியை ஓரங்கட்டிட்டார். பெயிண்ட் பேட் மேல அப்பிக்கிச்சு. பேட் செட்டையே மாத்த வேண்டியதாப் போச்சு. அதே ஆள் நேரா தூத்துக்குடி ரோட்டுல ஏறி எண்பதுல போய் முதல் பிரேக்கைப் பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு.

சரி, முதல்ல இருந்து வரேன்.

கோவில்பட்டி வறண்ட ஊர். சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டின்னு இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழில் வேரூன்றினதுக்கு ஈரமில்லாத காத்தும் ஒரு காரணம். அப்புறம் எப்படி கார் துருப்பிடிக்குதுன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். ஒண்ணு, கரிசல் மண்ணு. கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குற அதே மண், ஐப்பசி மழை விழுந்ததும் களியாகி சக்கரத்துல அப்பிக்கும். செம்மண் மாதிரி காஞ்சு உதிராது, உள்ளுக்குள்ள ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ரெண்டு, தூத்துக்குடிப் பயணம். உப்பளத்தை ஒட்டின ரோட்டுல போய்ட்டு வந்தா வண்டியோட அடிவயித்துல உப்பும் சேர்ந்தே ஊருக்கு வரும். மூணாவது நம்ம பழக்கம். உப்புத்தண்ணி போர்ல வண்டியைக் கழுவி, ஓட்டாம அப்படியே கவர் போட்டு மூடி வைக்கிறது. அப்பா இதை ரெண்டு வருஷமா தவறாம செஞ்சிருக்கார்.

டிஸ்க் வார்ப்பிரும்புல செய்றது. அதுமேல பெயிண்ட் இல்லாத இடம் ராத்திரி ஒரு மழைக்கே செவந்துடும். அது நோய் இல்ல. காலையில நாலு தடவை பிரேக் பிடிச்சா பேட் உரசி, உரசுற முகம் தானா வெளுத்துடும். துரு தங்குறது பேட் தொடாத இடத்துல: டிஸ்க்கோட வெளி விளிம்பு, நடுவுல தொப்பி மாதிரி இருக்கிற பகுதி, அப்புறம் ஹப். இந்த மூணு இடத்துக்கு மட்டும்தான் பெயிண்ட். வீடியோல இதைச் சொன்னேன். ஆனா பதினொண்ணாவது நிமிஷத்துல, ஒரே வரியில. அந்த நண்பர் அதுக்கு முன்னாடியே வீடியோவை நிறுத்திட்டு கடைக்குப் போய்ட்டார். தப்பு அவரோடது இல்ல.

இப்ப கணக்குக்கு வரேன். ஒரு ஒர்க்ஷாப்ல கொடுத்த எஸ்டிமேட் இது: முன்பக்க டிஸ்க் ரெண்டு 5,200, ஹப் ரெண்டு 4,400, பேட் செட் 1,700, கூலி 2,300. மொத்தம் 13,600. காரணம் கேட்டா "துரு ஏறிடுச்சு சார், சேஃப்டி விஷயம்"னு பதில். சேஃப்டின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நம்ம வாய் அடைச்சுடும். குடும்பத்தோட போற வண்டியாச்சே. நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "டிஸ்க் கனம் எவ்வளவு இருக்கு?" அளக்கலையாம்.

ஒவ்வொரு டிஸ்க்கும் எவ்வளவு தேயலாம்னு தயாரிப்பாளர் ஒரு குறைந்தபட்ச கனம் சொல்லியிருப்பார். பெரும்பாலும் டிஸ்க் ஓரத்துலயோ தொப்பி மேலயோ அதைப் பொறிச்சிருக்கும். எங்க வண்டில 18 மில்லிமீட்டர். பழைய லேத் பட்டறை அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட வெர்னியர் இரவல் கேட்டுப் போனேன். அவர் சிரிச்சுட்டு, "தம்பி, வெர்னியர் வேண்டாம். ஓரத்துல துரு வரம்பு கட்டியிருக்கும்லா, அதையும் சேர்த்து அளந்து ஏமாத்தும். இதைக் கொண்டு போங்க"ன்னு மைக்ரோமீட்டரைக் கையில குடுத்தார். ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி நாலு இடத்துல அளந்தேன். ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்து, கம்மியா வந்த அளவு 19.2. கீறல் இல்ல, வெடிப்பு இல்ல. ஹப்ல மேலாக்க துரு, பேரிங்ல சத்தம் இல்ல, ஆட்டம் இல்ல. பேட் மட்டும் உண்மையிலயே தேஞ்சிருந்தது. எஸ்டிமேட்டுல அந்த ஒரு வரி சரி.

இப்ப நீங்களே சொல்லுங்க, பணத்தை மிச்சப்படுத்தினது எது? பெயிண்டா, மைக்ரோமீட்டரா? நான் பெயிண்டே அடிக்காம விட்டிருந்தாலும் அந்த டிஸ்க்கையும் ஹப்பையும் மாத்தத் தேவை இருந்திருக்காது. அதே மாதிரி அளவு 17.5னு வந்திருந்தா, எத்தனை கோட் பெயிண்ட் அடிச்சாலும் டிஸ்க்கை மாத்தித்தான் ஆகணும். பெயிண்டால மிச்சம் பூஜ்யம். அதை 12,700னு தம்ப்நெயில்ல போட்டது நான் பண்ண விண்டோ டிரெஸ்ஸிங்.

செலவுப் பக்கத்துலயும் கை வச்சிருக்கேன். வயர் பிரஷ் 70, எமரி ஷீட் 40, மாஸ்கிங் டேப் 60, பிரேக் கிளீனர் 320, சூடு தாங்குற ஸ்பிரே பெயிண்ட் 410, ஆக 900னு காட்டினேன். ஜாக்கி ஸ்டாண்ட் ரெண்டு 1,600 ரூபாய்க்கு வாங்கினதைச் சொல்லவே இல்ல. பேட் 1,450, அதை மாட்டின மெக்கானிக் கூலி 400, அதுவும் கணக்குல வரலை. உண்மையில கையை விட்டுப் போனது 4,350. அரை நாள் ஞாயித்துக்கிழமை தனி.

அப்ப பெயிண்ட் அடிக்கிறதே வீணான்னு கேட்டா, இல்ல. ஹப்ல துரு பொருக்கு கட்டினா ரிம் அதோட ஒட்டிக்கும். பஞ்சர் ஆகி நட்டெல்லாம் கழட்டின பிறகும் சக்கரம் அசையாது. ராத்திரி எட்டு மணிக்கு எட்டயபுரம் தாண்டி ஆளில்லாத காட்டுல, அறுபத்தஞ்சு வயசு அப்பா சக்கரத்தை எத்திக்கிட்டு நிக்கிறதை நினைச்சுப் பாருங்க. அதைத் தவிர்க்க 900 ரூபாய் தாராளமா செலவழிக்கலாம். ஆனா அதை வருமானம் மாதிரி காட்டக்கூடாது. அது பராமரிப்புச் செலவு, அவ்வளவுதான்.

பண்றவங்க இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. வண்டி சமதரையில, கியர்ல, ஹேண்ட்பிரேக் போட்டு நிக்கணும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. நட்டை லேசாத் தளர்த்திட்டு அப்புறம் தூக்குங்க. ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீங்க, ஸ்டாண்ட் வேணும். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்கிறதைப் பார்க்கும்போது எனக்கு வயித்தைக் கலக்கும், அது சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும். பிரேக் தூசியை வாயால ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க. துருவைத் தேய்ச்சு எடுத்ததும் பிரேக் கிளீனர். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் படலம் நிக்கும். பேட் உரசுற முகம், ரிம் வந்து உக்கார்ற தட்டையான முகம், போல்ட் மரை, காலிப்பரோட ரப்பர், ஏபிஎஸ் சென்சார், இதெல்லாத்தையும் டேப்பால மூடுங்க. ரிம் உக்கார்ற இடத்துல தடிமனா பெயிண்ட் இருந்தா, ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும். அந்த இடத்துக்கு சுத்தமான இரும்புதான் சரி. மெல்லிசா ரெண்டு கோட் போதும். சக்கரத்தை மாட்டினதும் மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்சால முறுக்கி, அம்பது நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை பாருங்க. பெரும்பாலான சின்ன கார்ல பின்பக்கம் டிரம் பிரேக். அதுக்குள்ள கையே வைக்காதீங்க.

வரி பத்திக் கேட்டவங்களுக்குச் சுருக்கமா. 2025 செப்டம்பர் 22-ல இருந்து வண்டி உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. பழைய விலையிலயே எஸ்டிமேட் வந்தா கேளுங்க. கம்பெனி பேர்ல கார் வச்சிருக்கிறவங்களுக்கு, சர்வீஸ், ரிப்பேர் பில்லுல இருக்கிற ஜிஎஸ்டிக்கு பொதுவா இன்புட் கிரெடிட் கிடையாது. சரக்கு ஏத்துற வண்டின்னா கதை வேற. துருவுக்கு இன்சூரன்ஸ் வருமான்னா, வராது. தேய்மானம் பாலிசியில விலக்கு.

கடைசியா ஒண்ணு, பழைய கார் வாங்கப் போறவங்களுக்கு. 2023 டிசம்பர் 17, 18-ல நம்ம மாவட்டத்துல பெஞ்ச மழை மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர். தண்ணிக்குள்ள நின்ன வண்டிகள் எல்லாமே பழைய இரும்புக் கடைக்குப் போயிடாது. பத்து வருஷ வண்டில ஹப் மட்டும் புதுக் கருப்புல மின்னினா, சந்தோஷப்படாம காரணம் கேளுங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை வரியாத் தெரியும். ஸ்டெப்னி குழிக்குள்ள கையை விட்டுப் பாருங்க, சீட் தண்டவாளத்து போல்ட்டைப் பாருங்க. விக்கிற இடத்துல நீங்க இருந்தா, பெயிண்ட் அடிங்க, தப்பில்ல. ஆனா எதுக்கு அடிச்சீங்கன்னு வாங்குறவர்கிட்ட சொல்லிடுங்க.

வீடியோவோட தம்ப்நெயிலை மாத்திட்டேன். உரசுற முகத்துல பெயிண்ட் கூடாதுங்கிறதை இப்ப முதல் நிமிஷத்துலயே சொல்றேன். எட்டயபுரம் நண்பருக்குப் புது பேட் வாங்கி அனுப்புறேன்னு சொன்னேன், அவர் ஒத்துக்கலை. "அதுக்குப் பதிலா எங்க ஊர்ல யார்கிட்ட மைக்ரோமீட்டர் இருக்கும்னு சொல்லுங்க சார்"னார். லேத் பட்டறையில கேளுங்கன்னேன். அப்பா சர்வீஸ் புக்கோட கடைசிப் பக்கத்துல 19.2னு எழுதி தேதி போட்டிருக்கேன், அடுத்த ஐப்பசிக்கு முன்னாடி மறுபடி அளக்கணும். உங்க எஸ்டிமேட்டையும் அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன். டிஸ்க் கனத்தை அளந்து அதையும் சேர்த்து அனுப்புங்க.