அரளி வேலி: ஹைவேக்கு ஓகே, ஸ்கூலுக்கு வேண்டாம்

நாலுவழிச் சாலை நடுவுல அரளி வைக்கிறது எனக்கு ஓகே. தண்ணி கம்மியா இருந்தாலும் வளரும், மாடு மேயாது, எதிர்வண்டி வெளிச்சம் கண்ணுல அடிக்காது.

அதையே ஸ்கூல் காம்பவுண்டு ஓரமா வேலியா வைக்கிறதுக்கு ஒரு டாக்டரா என் ஓட்டு கிடையாது. மாடு ஏன் மேயல? இலை, பூ, தண்டு, வேர் எல்லாத்துலயும் விஷம். அது இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும். காய்ச்சினாலும் காயவெச்சாலும் போகாது. மஞ்சள் அரளியும் அதே ரகம்தான். அதோட கொட்டையை வெச்சுப் பிள்ளைங்க விளையாடுவாங்க.

பூவைப் பறிச்சு சாமிக்குப் போடுறதுல பயமில்ல. வாய்க்குள்ள போறதுதான் பிரச்சனை.

பிள்ளை மென்னிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காம, ஈசிஜி வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. "நல்லாத்தானே விளையாடுறான்"னு காத்திருக்காதீங்க.

வேலிக்குச் செம்பருத்தி இருக்கே! ஆடு மேயும்தான், அது வேற தலைவலி.