முகமும் மூப்பும்

ஐம்பது வயதானவர்கள் தங்கள் விவாகப் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தால் சற்றுத் திகைத்தே போவார்கள். தினந்தோறும் கண்ணாடி பார்த்தும், முகம் மாறிவந்தது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

இம்மாறுதல் சருமத்தோடு நிற்பதன்று. முகத்தை ஒரு வீடாகப் பாவித்தால் எலும்பு அதன் சுவர், கொழுப்பு மேற்பூச்சு, சருமம் அதன்மேல் அடித்த வெள்ளை. வயது ஏற ஏற மூன்றும் தளர்கின்றன. கண்குழியைச் சுற்றிய எலும்பு தேய்ந்து குழி அகலுகிறது. கன்னத்துக் கொழுப்பு மெலிந்து கீழே இறங்குகிறது. சருமத்துக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்ற நார்ப்பொருளும் குறைந்துவிடுகிறது. காது மட்டும் நீளுகிறது! இங்கிலாந்தில் 206 பேருடைய காதுகளை அளந்து, வருஷத்துக்கு 0.22 மில்லிமீட்டர் வீதம் அவை நீளுவதாக ஒரு வைத்தியர் 1995-ல் எழுதினார். பாம்படம் அணியாத காதும் நீளும் என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

ஆனால் எல்லாப் பழியையும் காலத்தின்மீது போடுவது நியாயமாகாது. 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை 2012-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அந்நாட்டில் சாரதியின் ஆசனம் இடப்புறம். ஜன்னலை ஒட்டிய இடக் கன்னம் தடித்து, ஆழ்ந்த சுருக்கங்களோடு தொங்கிற்று. வலக் கன்னமோ பல வருஷம் இளமையாய்த் தோன்றிற்று. ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் புற ஊதாக் கிரணங்கள் செய்த வேலை அது.

கறுத்த சருமத்தில் மிகுதியாயுள்ள மெலனின் என்ற நிறப்பொருள் இக்கிரணங்களை ஓரளவு தடுக்கிறது; ஆகவே சுருக்கமும் தாமதித்தே வருகிறது. அப்படியிருக்க, பெண் கறுப்பாயிருக்கிறாளே என்று விசனப்பட்டு, வெளுப்பதற்கான களிம்புகளில் பணத்தை இறைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. இயற்கை இலவசமாய்த் தந்த குடையைக் காசு கொடுத்துக் கிழிப்பது போன்றது இது. அத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது பரிசோதனைகளில் வெளியாகியிருக்கிறது. பாதரசம் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய்மார்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

பல்லையும் மறந்துவிடலாகாது. பல் போனால் அதைத் தாங்கிய தாடையெலும்பும் நாளடைவில் கரைந்துபோகும். பொக்கைவாய்ப் பாட்டியின் முகவாய் மூக்கை நெருங்குவது அதனாலேதான். புகையிலை ஈறையும் கெடுக்கும். புகைத்தாலோ சருமத்தையும் சுருக்கும்.

மூப்பு வந்தே தீரும்; அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அதை வருமுன் அழைக்காதிருந்தால் போதும். உச்சி வெயிலில் குடை பிடிப்பவனைக் கண்டு பள்ளிப் பையன்கள் பரிகசிக்கிறார்கள். அந்த லாரிச் சாரதியின் இரண்டு கன்னங்களையும் ஒருமுறை அவர்களுக்குக் காட்டினால் பரிகாசம் நின்றுவிடும்.