பத்தாம் வகுப்புக்குப் பின் பாதை ஒன்றுதானா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று மாலையே உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கூட்டம் கூடிவிடும். மாமா இருப்பார், பெரியப்பா இருப்பார், பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இருப்பார். "பர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துவிடுங்க" என்பார் ஒருவர். "கம்ப்யூட்டர்தான் இப்போது நல்லது" என்பார் இன்னொருவர். உங்களை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் நானும் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். தவறான யோசனையும் சொன்னேன். அதை உங்களிடம் சொல்லிவிடவே இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பையன்; நல்ல மதிப்பெண். ஊரில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் காயில் கட்டுகிறவரின் பின்னாலேயே போய் உட்கார்ந்துகொள்வான். அவன் என்னிடம் கேட்டான்: "ஏனுங்க சார், பாலிடெக்னிக் போனா அதோட படிப்பு நின்னு போயிருமுங்களா?" நான் யோசிக்கவேயில்லை. "இத்தனை மார்க் வாங்கிவிட்டு டிப்ளமோவா தம்பி? பிளஸ் டூ படி" என்றேன். கல்லூரி ஆசிரியர் சொன்னதாயிற்றே, வீட்டாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இரண்டாண்டு மனப்பாடம். பிறகு ஒரு பொறியியல் கல்லூரி. நான்காண்டுப் படிப்பை அரியர்களோடு ஐந்தரை ஆண்டில் முடித்தான். கடைசியில் ஒரு சிறிய மோட்டார்த் தொழிற்கூடத்தில் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது, அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவன் பத்தாம் வகுப்பில் அவனோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். டிப்ளமோ முடித்து, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பி.இ.யிலும் சேர்ந்திருந்தான். எங்கள் ஊர்ப் பையன் இதுவரை என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அன்று அவன் கேட்ட கேள்விக்கு விடை மிக எளிய கூட்டல் கணக்கு. பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலைப் பள்ளி 2 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு, ஆக 6. பாலிடெக்னிக் டிப்ளமோ 3 ஆண்டு. டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எனவே அங்கே 3 ஆண்டு. கூட்டினால் இதுவும் 6! ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டுத் தொழிற்பிரிவு படித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. அவருக்கு 2, 2, 3 என்று 7 ஆண்டு ஆகும். ஓராண்டுதான் கூடுதல், ஆனால் இடையில் இரண்டு இடங்களில் நின்று சம்பாதிக்கத் தக்க சான்றிதழ் கையில் இருக்கும். படிப்பு எங்கே நின்று போகிறது?

கணக்கு இத்தனை எளிது என்றால் எல்லாரும் ஏன் அந்தப் பக்கம் போவதில்லை? கையில் கரி ஒட்டும் வேலை தாழ்ந்தது என்ற எண்ணம்தான் காரணம் என்பேன். இயற்பியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் இந்த எண்ணத்தின்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

கோவையில் பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய இரும்பு வார்ப்படங்களைச் செய்யும் பவுண்டரிகள் ஏராளம் என்பது நீங்கள் அறிந்ததே. வார்ப்படத்துக்கு முதலில் மரத்திலோ உலோகத்திலோ ஒரு மாதிரி உருவம் செய்வார்கள். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதை மண்ணில் பதித்து எடுத்தால் கிடைக்கும் குழியில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். பேட்டர்ன் செய்பவர் கையில் உள்ள ஸ்கேலை உற்றுப் பாருங்கள். அதில் 1 மீட்டர் என்று போட்டிருக்கும் நீளம் உண்மையில் 1 மீட்டர் இராது. ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். பொய் ஸ்கேலா? இல்லை. வார்ப்பிரும்பு சுமார் 1150 டிகிரி செல்சியஸில் உறைகிறது. பிறகு அறை வெப்பநிலைக்கு வரும்வரை சுருங்கிக்கொண்டே இருக்கிறது. அதன் நீள விரிவெண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.000011. இதை 1100 டிகிரியால் பெருக்குங்கள். மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் வரும். நடைமுறையில் 10 மில்லிமீட்டர் அளவே விடுகிறார்கள். சாம்பல் நிற வார்ப்பிரும்பு உறையும்போது அதற்குள் கிராஃபைட் பிரிந்து சற்றே பருமனைக் கூட்டுவது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். நான் வகுப்பறையில் கரும்பலகையில் போடும் கணக்கு அங்கே ஓர் அளவுகோலாகவே உருவெடுத்திருக்கிறது. இதைக் கையாளுகிறவரைப் 'படிப்பு வராதவர்' என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது? பி.எஸ்சி. முதலாண்டில் என்னிடம் வருகிற மாணவரில் பலர், திருகு அளவியைக் கையில் எடுத்துச் சுழியப் பிழை பார்க்கவே ஒரு மாதம் பழகுகிறார்கள். லேத்தில் நிற்கும் ஐ.டி.ஐ. பையனுக்கு அதே கருவி மைக்ரோமீட்டர் என்ற பெயரில் பல் துலக்கும் பிரஷ் போல.

இந்த ஊரின் தொழில் வளர்ந்ததே இப்படித்தான். கோவை அருகே கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளியில் அதிகம் படித்தவரல்லர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டியே இயந்திரம் கற்றார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின், 1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இங்கேயே மின்மோட்டார் செய்தார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றவும் அவரே முன்னின்றார். அதுவே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலுக்கு நான்காண்டு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதிட்டு, அரசு ஏற்காததால் விலகினார். இதில் நான் அவர் பக்கம் இல்லை. கணிதத்தைக் குறுக்கினால் பின்னால் வலிக்கும். நாயுடுவைப் போல் ஆகிறேன் என்று எவரும் பள்ளியை விட்டுக் கிளம்பவும் வேண்டாம். அவர் ஒருவர்தான் நாயுடு. ஆனால் பட்டறையும் பாடமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக்கூடாது என்ற அவருடைய எண்ணம் சரியானது. அந்த எண்ணம் இங்கே வேரூன்றியும் இருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கல்லூரியும் தொழிற்கூடமும் அருகருகே நிற்கின்றன. சி.ஐ.டி.யைச் சேர்ந்த பாலிடெக்னிக்கின் பெயரிலேயே 'சாண்ட்விச்' என்ற சொல் இருக்கிறது. சிரிக்க வேண்டாம், தின்பண்டம் அன்று! படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியை வைத்துத் தரும் மூன்றரை ஆண்டு டிப்ளமோ அது.

குறைகளையும் சொல்லவேண்டும் அல்லவா? மருத்துவமோ, இளநிலை வேளாண்மையோ, என்னைப் போல் இயற்பியலோ விரும்புகிறவருக்கு மேல்நிலைப் பள்ளியே நேர்வழி. டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழைகிறவர் கணிதத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாண்டும் கணிதத்தைக் கைவிடாமல் இருந்தால் தப்பிக்கலாம். எல்லாப் பாலிடெக்னிக்கும் ஒன்றல்ல. உறை போட்டு மூடிய இயந்திரங்களை மட்டும் காட்டும் இடங்களும் உண்டு.

நம் பகுதியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தேர்வு முடிந்ததும் ஊருக்குள் வருகிற மில் தரகர்களைச் சொல்கிறேன். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் எத்தனையோ பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்துப் போனார்கள். பாதியில் உடல்நலம் கெட்டுத் திரும்பியவர்கள் பலர். அதே மூன்றாண்டில் ஒரு டிப்ளமோ முடிந்துவிடும். பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் கோவையில் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரக்கூலி வாங்கும் நண்பனைப் பார்த்து ஆசைப்படும் பையன்களுக்கும் இதே கணக்குத்தான். பணம்தான் தடை என்றால், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியர்க்கு 2022இலும் மாணவர்க்கு 2024இலும் மாதம் 1000 ரூபாய் உதவி தொடங்கப்பட்டது. டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் அதில் அடங்கும். விதிகளைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

எனவே திண்ணைக் கூட்டம் கூடுமுன் ஒரு நாளை ஒதுக்குங்கள். அருகிலுள்ள பாலிடெக்னிக்குக்குப் போய்ப் பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேத்தின் அடியில் புதிய இரும்புச் சீவல் கிடக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, சென்ற வாரம் தம் கையால் என்ன செய்தார் என்று கேளுங்கள். வருகிற வழியில் ஒரு பேட்டர்ன் கடையிலும் நுழையுங்கள். சட்டைப் பையில் உங்கள் ஸ்கேல் இருக்கட்டும். அவருடைய ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.