களை எடுக்கவும் கற்போம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

“இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே!” பலர் கூடி எழுதும் கணினி நிரலில் பயனற்றுக் கிடக்கும் பகுதிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், நம்மில் பலர் சொல்லும் விடை இதுதான். உறங்கிக் கிடக்கும் நிரல் யாருக்கு என்ன தீங்கு செய்துவிடும் என்று கேட்கிறோம்.

அமெரிக்கப் பங்குச் சந்தையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை சொல்லும். ‘நைட் கேப்பிட்டல்’ என்னும் நிறுவனம் ‘பவர் பெக்’ என்ற நிரற்பகுதியைப் பயன்படுத்துவதை 2003 இலேயே நிறுத்திவிட்டது, ஆனால் நீக்கவில்லை. 2012 இல் புதிய நிரல் எழுதியவர்கள், பழையதை இயக்கிவந்த குறியையே புதியதற்கும் வைத்தனர். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டுவிட்டனர். ஆகஸ்டு 1 ஆம் நாள் சந்தை திறந்ததும் அந்த ஒன்றில் பழைய நிரல் விழித்துக்கொண்டது. நிறுத்தத் தெரியாமல் பங்குகளை வாங்கியும் விற்றும் குவித்தது. 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு! ஏற்ற மறந்தது பிழைதான். ஆனால் பழைய நிரல் அங்கே இல்லாதிருந்தால், அப்பிழை பேரழிவாக முடிந்திருக்குமா?

பின் ஏன் தயங்குகிறோம்? எழுத்துள்ள காகிதம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழக்கப்பட்டவர்கள் நாம். அதிலும், என்னைப்போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறியவர்களுக்கு, பிறர் எழுதியதை அழிக்கக் கை நடுங்கும். மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற நிரலில் கை வைக்க நாம் யார் என்று தோன்றும். அந்த மரியாதை நல்லதே. ஆனால் புரியாததைத் தொடாமல் விடுவது மரியாதையன்று, அச்சம்.

லினக்ஸைப் பாருங்கள். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி வளர்க்கும் நிரல் அது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 சில்லு கொண்ட கணினியில். அடிப்படைப் பகுதிகளைத் திருத்தும்போதெல்லாம் அந்தப் பழைய சில்லுக்காகத் தனியே உழைக்க வேண்டியிருந்தது. எனவே, 2013 இல் வெளிவந்த 3.8 ஆம் பதிப்பில் 386 க்கான பகுதியையே எடுத்துவிட்டனர். தவழ்ந்த தொட்டிலாயிற்றே என்று பார்க்கவில்லை! எடுத்தது அழிந்தும் போகவில்லை. 2005 இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி மாற்றங்களையெல்லாம் வரலாறாகச் சேமித்துவருகிறது. வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம்.

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டி எறியலாம் என்பதல்ல என் வாதம். ஆய்வுக்கூடத்துச் சுவரில் தொங்கும் மணல் வாளியை ஆண்டு முழுவதும் யாரும் தொடுவதில்லை. ஆயினும் அது பயனற்றதன்று. அரிதாகப் பயன்படுவது வேறு. பயன் முடிந்தது வேறு. ஆகவே, நீக்குமுன் அது எதற்கென எழுதப்பட்டது என்று அறிய வேண்டும். உடன் எழுதுவோரைக் கேட்க வேண்டும். நீக்குவதை வேறு திருத்தங்களோடு கலக்காமல் தனியாகச் செய்து, காரணத்தையும் குறித்துவைக்க வேண்டும்.

களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்பது உழவர் வாக்கு. களைக்கும் பயிருக்கும் வேற்றுமை தெரிந்தவனே களை எடுக்க இறங்குவான். நண்பர்களே, நமக்கு வந்துசேரும் நிரலைப் படித்துப் புரிந்துகொள்வோம். பயன் முடிந்ததைத் துணிந்து நீக்குவோம். அடுத்து வரும் தம்பி தங்கையருக்கு நாம் விட்டுச்செல்லும் நிரலேனும் அச்சமின்றித் தொடத்தக்கதாக இருக்கட்டும்!